மேஜருக்கு வழிவிட்ட சுபேதார்

ஜூன் 3

தண்ணீர் மோட்டார் காற்று இழுக்கிறது. மெக்கானிக் காலையில் "தோ வந்துட்டேன் சார்" என்றான். இப்போது சாயங்காலம். பட்டாளத்தில் எவனாவது என்னிடம் இப்படி ஒரு "தோ வந்துட்டேன்" சொல்லியிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். காட்பாடியில் யாரை ஓட விடுவது? வாளியில் தண்ணீர் தூக்கிக் குளித்தேன்.

இன்னொரு விஷயம். என் பெண்டாட்டி பூங்கோதை நாவலாசிரியையாம்.

எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் சுபேதாராக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் போனைக் குனிந்து குனிந்து தட்டுவதைப் பார்த்து வாட்ஸ்அப்பில் யாரோடோ வம்பு பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். 'வெண்பனி வேதா' என்ற பெயரில் ஏற்கெனவே பல புத்தகங்கள் வந்துவிட்டனவாம். பரணில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டியை நானே தூக்கி நகர்த்தியிருக்கிறேன், பழைய பாத்திரம் என்று.

"ஏன்மே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

இப்போது எழுதியிருப்பது ராணுவக் கதை. காதல் உண்டு, மர்மமும் உண்டு. பெயர் 'துப்பாக்கிக்குத் தூது போன தென்றல்'. சென்னையில் இருக்கும் பதிப்பாளர் கோவர்த்தனன், நிஜப் பட்டாளத்தான் ஒருத்தர் படித்துச் சரிபார்த்தால் அட்டையில் அவர் பெயரைப் போடலாம், நன்றாக விற்கும் என்று சொல்லியிருக்கிறார். அச்சுக்குப் போக வேண்டிய தாள் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"படிச்சிட்டு நிறை குறை எழுதிக் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள போவணும்."

சிவப்பு மைப் பேனா ஒன்று வாங்கி வந்தேன்.

ஜூன் 4

முதல் சில அத்தியாயம் சமையல், மாமியார் என்று ஓடியது. தாண்டிவிட்டேன். பட்டாளம் வரும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

கதாநாயகன் மேஜர் ஆதித்ய பிரதாபன். ஆறடிக்கு மேல் உயரம், தாடி, தோள் வரை முடி. பனிமலை உச்சியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்று யோசிக்கிறான். அந்த உயரத்தில் சட்டையைக் கழற்றினால் யோசிக்கவெல்லாம் நேரம் இருக்காது, நேரே ஆஸ்பத்திரிதான். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கிறான். கர்னல் எழுந்து வந்து இவனுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு கர்னலும் எனக்கு டீ ஊற்றவில்லை, நான்தான் அவர்களுக்கு டீத்தூள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ரேஷன் பிரிவு என்றால் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை கோபத்தில் ராஜினாமா செய்கிறான், புதன்கிழமை ரயில் ஏறுகிறான். அடப்பாவி! அந்தக் காகிதம் டெல்லிக்குப் போய்த் திரும்புவதற்குள் கோபம் ஆறி, கல்யாணமாகி, பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கும். கதாநாயகி தாரகை இன்னும் ஒரு படி மேல். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கேரியரில் வத்தக்குழம்போடு, பஸ் பிடித்து எல்லைச் சாவடியில் வந்து இறங்குகிறாள். காவல் நிற்கும் சென்ட்ரி அவளை "வாங்கம்மா" என்கிறான்.

சிவப்பு மை பாதி தீர்ந்தது. பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5

இன்றைக்கும் பால் மறந்தது. ரேஷன் லாரிகள் எந்தச் சாவடிக்கு எப்போது போகின்றன, எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எதிரிக்கு எப்படித் தெரிகிறது? அது தெரியாமல் நான் எப்படிக் கடைக்குப் போவது? என் சந்தேகம் ஆபீஸ் கிளார்க் மேல்.

ஜூன் 6

கிளார்க் இல்லை. முட்டை காண்ட்ராக்டர்!

தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மலை மேல் ஒவ்வொரு சாவடிக்கும் எத்தனை முட்டை போகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஆளுக்கு இத்தனை முட்டை என்பது கணக்கு. முட்டையை எண்ணினால் ஆளை எண்ணியது மாதிரி. திடீரென்று ஒரு சாவடிக்கு முட்டை கூடினால் அங்கே படை கூடுகிறது என்று அர்த்தம். இதை நான்தான் பூங்கோதையிடம் சொன்னேன். எப்போதோ ஒரு லீவில், அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். "ம்" என்றுகூடச் சொல்லாமல் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை என்று நினைத்தேன். அந்த ஒரு பேச்சை வைத்து ஒரு மர்மத்தையே கட்டியிருக்கிறாள், ராட்சசி! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலத்தில் எழுதினேன்: மர்மம் முதல் தரம். வாசகன் பால் வாங்க மறப்பான்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். என் முட்டைக் கணக்கு கதையில் இருக்கிறது என்றால், கதாநாயகன் யார்? கண்ணாடி முன்னால் போய் நின்றேன். உயரம் கொஞ்சம் குறைச்சல்தான். தாடி கிடையாது, மீசை இருக்கிறது. கதை என்று வந்தால் நாலு அங்குலம் கூட்டித்தானே எழுதுவார்கள்?

"மேஜரை யாரை நினைச்சு எழுதின?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"நீங்க மொதல்லேர்ந்து படிச்சீங்களா?"

"பட்டாளம் வர்ற எடத்துலேர்ந்து படிச்சேன்."

"மொதல்லேர்ந்து படிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம்.

ஜூன் 8

மிலிட்டரி கேண்டீனுக்குப் போனேன். சோப்பு, எண்ணெய், டார்ச் லைட். பக்கத்துத் தெரு எத்திராஜும் கூட வந்தார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், என்னை இன்னும் பழைய வழக்கத்தில் "சாப்" என்றுதான் கூப்பிடுவார். வழியெல்லாம் நாவலைப் பற்றித்தான் பேச்சு. "மேஜர் ஆதித்ய பிரதாபன் யாருன்னு படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க" என்று தாள் கட்டை அவரிடம் கொடுத்தேன்.

வரிசையில் எங்கள் ஊர் அலமேலு நின்றாள். ஊரில் பட்டாளத்துக்குப் போன தணிகாசலங்கள் இரண்டு பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன் அலமேலுவின் வீட்டுக்காரன், காலாட்படை, வடக்கே சண்டை நடந்த வருஷம் செத்துப்போனான். பையனைப் படிக்கவைக்க அவள் ஊரைவிட்டு வந்து இங்கே தாராபடவேட்டில் இருக்கிறாள். "நல்லாருக்கீங்களாண்ணா? பூங்கோதை அக்கா வரலியா?" என்று எப்போதும் போலக் கேட்டாள். "கால் வலிம்மா" என்று எப்போதும் போலச் சொன்னேன்.

பூங்கோதை கேண்டீனுக்கு வருவதே இல்லை. கேட்டால் கால் வலி என்பாள். ஜவுளிக்கடை என்றால் மூன்று மாடி ஏறுவாள்.

ஜூன் 9

எத்திராஜ் வந்தார். தாள் கட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, வராத தும்மலுக்காகக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"சாப், தப்பா எடுத்துக்கக் கூடாது. மேஜர் நீங்க இல்ல."

"பின்ன?"

"மூணாவது அத்தியாயத்துல தாரகையோட மொதப் புருஷன் ஒருத்தர் செத்துப்போறாரு பாருங்க."

எனக்கு அப்படி ஒருத்தன் இருப்பதே தெரியாது. தாண்டிவிட்டேன் அல்லவா?

"அவரு ரேஷன் குடோன்ல இருக்காரு சாப். டீயை சாசர்ல ஊத்திக் குடிக்கறாரு. ரேடியோவைப் போர்வைக்குள்ள வச்சிக்கினு தூங்கறாரு. லெட்டர் போட்டா கன்னுக்குட்டியையும் கெணத்துத் தண்ணியையும் விசாரிச்சிட்டு, 'மற்றவை நேரில்'னு முடிக்கறாரு. நேர்ல வந்தா ஒண்ணும் பேசறதில்ல."

"எத்தனையோ பேர் அப்படி இருப்பான்."

"இருப்பான் சாப்," என்றார், ரொம்ப மரியாதையாக. அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 10

வயிறு சரியில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 10, மறுபடியும்

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது அத்தியாயம் படித்தேன்.

உருளைக்கிழங்கு லாரி! மலைச்சரிவில் மண் சரிந்து உருளைக்கிழங்கு லாரியோடு போகிறேன். ஒரு குண்டு கிடையாது, ஒரு எதிரி கிடையாது. கொடி போர்த்திப் பெட்டியில் வருகிறேன். மேஜருக்கு மட்டும் கதை முழுக்கக் குண்டு மழை, ஒரு குண்டும் மேலே படாது. பட்டாலும் தோளில் படும், தாரகை புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டுவாள்.

அதுகூடப் பரவாயில்லை. ஜீப்பில் வந்து செய்தி சொல்கிறார்கள். தாரகை முதலில் அடுப்பை அணைக்கிறாள். மனசுக்குள் 'அப்பாடா' என்கிறாள். அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்புறம் ஐந்தாவது அத்தியாயத்தில் மேஜர் ரோஜாப்பூவோடு வந்துவிடுகிறான்.

எனக்கு வலித்தது. பொய் சொல்வானேன். பாதிக் குடித்தனத்துக்கு மேல் நான் வீட்டில் இல்லை, அது வாஸ்தவம். ஆனாலும் என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான் செத்தால் 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறாள். அப்படியானால் ஆறு வருஷமாக இந்த வீட்டில் நான் இடைஞ்சலாகத்தான் உட்கார்ந்திருக்கிறேனா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். எழுந்துபோய்க் கேட்க வாய் வரவில்லை. மோட்டாரை மூன்று தடவை போட்டு அணைத்தேன்.

ஜூன் 11

பூங்கோதை கோயிலுக்குப் போன நேரத்தில் பதிப்பாளர் கோவர்த்தனனுக்குப் போன் செய்தேன். ராணுவ நிபுணர் என்ற முறையில் பேசினேன். தாரகையின் முதல் புருஷன் கதைக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம், அவளைக் கல்யாணமாகாத பெண்ணாக ஆக்கிவிடலாம் என்றேன்.

"சார், என் வாயிலேர்ந்து புடுங்கின மாதிரி சொன்னீங்க!" என்றார் அவர். "ஹீரோயின் விதவைன்னா வாசகிங்க கொஞ்சம் தயங்கறாங்க. கன்னிப் பொண்ணுன்னா மேஜருக்கும் கௌரவமா இருக்கும்."

அந்தக் கௌரவம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உயிர் முக்கியம்.

ஜூன் 12

நிறை குறை எழுதிக் கொடுத்தேன். நிறைக்கு முட்டை காண்ட்ராக்டர், ஒரு வரி. குறைகள் பக்கம் பக்கமாக. தாடி, சல்யூட், டீ, ராஜினாமா, வத்தக்குழம்பு. கடைசியில் பெரிய எழுத்தில், சிவப்பில், அடிக்கோடிட்டு எழுதினேன்: "மூன்றாம் அத்தியாயம். புருஷன் செத்த செய்தி கேட்டு எந்தப் பெண்ணும் அப்பாடா என்று நினைக்கமாட்டாள். இது இயற்கைக்கு விரோதம். எழுதியவருக்குப் பெண்மனசு தெரியவில்லை."

அவள் நின்றுகொண்டே படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

ஜூன் 13

உப்புமா.

ஜூன் 14

உப்புமா. பேச்சு இல்லை.

ஜூன் 15

மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. நான் காக்கைக்குக் காவல். பூங்கோதை போனும் கையுமாகப் படியேறி வந்தாள்.

"கோவர்த்தனன் சாரு பேசினாரு. தாரகைய கன்னிப் பொண்ணா மாத்தணுமாம். உங்க யோசனையாம்."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றேன். அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "உனக்கு மேஜர் வேணும்னா வச்சிக்கோ. நான் குறுக்க நிக்கல. அதுக்காக என்னைச் சாகடிக்கணுமா? அதுவும் உருளைக்கெழங்கு லாரில?"

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"அது நீங்க இல்ல."

"சாசர்ல டீ குடிக்கறவன் வேற எவன் இருக்கான்?"

"அது அலமேலு வூட்டுக்காரருங்க," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு நான் சொல்லவே இல்ல. உக்காருங்க, சொல்றேன்."

சண்டை நடந்த அந்த வருஷம். நான் மலை மேல் இருக்கிறேன், கடிதம் போய்ச் சேருவதில்லை. ஒருநாள் காலையில் ஊருக்குள் ஜீப் வந்திருக்கிறது. ஒரு போலீஸ்காரர், பட்டாளத்து ஆள் ஒருத்தர். 'மிலிட்டரி தணிகாசலம் வீடு எது?' என்று கேட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

"நான் களி கெளறிக்கினு இருந்தேன். சொன்னாங்க. அடுப்பை அணைச்சேன். உங்கம்மா வாசல்ல வுழுந்து கத்தறாங்க. எனக்கு அழுவ வரலீங்க. அப்பாடான்னு இருந்திச்சு. இனிமே லெட்டர் வருமா, தந்தி வருமான்னு தெருவப் பாத்துக்கினு நிக்க வேணாம், எல்லாம் முடிஞ்சிதுன்னு. ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா தோணிச்சு. அது நெசம். அதைத்தான் எந்தப் பொண்ணும் நெனைக்க மாட்டான்னு செவப்பு மையில எழுதிட்டீங்க."

காக்கை விரட்டும் குச்சியைக் கீழே வைத்தேன்.

"பொம்பளைங்க கூடிட்டாங்க. ஒருத்தி என் தலைப் பூவுல கை வச்சிட்டா. அப்பத்தான் அந்த ஆளு காயிதத்தப் பாத்து பட்டாள நம்பரைப் படிச்சாரு. அது உங்க நம்பர் இல்ல. ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதி எழுதி அந்த நம்பர் எனக்குத் தூக்கத்துல கூட வரும். இது எங்க வூடு இல்லன்னு கத்தினேன். சிரிச்சேங்க! அந்த எடத்துலயே சிரிச்சேன். கையை நீட்டி, அடுத்த தெரு, மச்சு வூடு, அலமேலுன்னு வழி சொன்னது நான்தான். ஜீப்பு திரும்பிப் போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மலை மேல இருக்கறவனுக்கு இதெல்லாம் எழுதக்கூடாதுன்னு உங்கம்மா சொன்னாங்க. அப்பால நீங்க லீவுல வந்தீங்க. வந்ததும் கெணத்துல போர் எத்தன அடி போட்டாங்கன்னு கேட்டீங்க."

கேட்டிருப்பேன். நிச்சயமாகக் கேட்டிருப்பேன்.

"அதுலேர்ந்து அலமேலு மூஞ்சிய என்னால பாக்க முடியல. என் வாயால அவ வூட்டுக்கு சாவை அனுப்பினேன். அதான் கதையிலயாவது அவளுக்கு ஒரு மேஜர் குடுத்தேன். தாடியோட, ரோஜாவோட. காசா பணமா? அவ புருஷன் எப்படி டீ குடிப்பாரு, எப்படித் தூங்குவாருன்னு எனக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரிஞ்ச பட்டாளத்தான் நீங்க ஒருத்தர்தான். உங்கள்ட்டேர்ந்து எடுத்து அவருக்குப் போட்டேன்."

ஒரு காக்கை வந்து வடாத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"அப்போ அந்த மேஜர் உனக்கு இல்லியா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் எனக்கும்தான்."

கேட்டுவிட்டேன். இவ்வளவு கேட்ட பிறகு அதையும் கேட்பதற்கு என்ன? "இப்போ நான் வூட்ல இருக்கறது உனக்கு இடைஞ்சலா?"

"இடைஞ்சல்தான். மெக்கானிக்கைத் திட்டறது, பாலை மறக்கறது, அடுப்பாண்ட வந்து நின்னு உப்பு எவ்ளோ போடறேன்னு பாக்கறது. இடைஞ்சலா இல்லாம இன்னா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இப்பல்லாம் தெருவுல ஜீப்பு சத்தம் கேட்டா நான் திரும்பிப் பாக்கறதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காக்கையை விரட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூன் 16

ஒன்றும் எழுத ஓடவில்லை. பால் வாங்கினேன்.

ஜூன் 17

கோவர்த்தனனைக் கூப்பிட்டேன். பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் புருஷன் சாகணும்."

"நீங்கதானே சார் அந்த ஆளே வேணாம்னு சொன்னீங்க?"

"இப்பவும் நான்தான் சொல்றேன். சாகட்டும். உருளைக்கெழங்கு லாரியே இருக்கட்டும், மாத்த வேணாம்."

"சார், மேஜர் ஒரு விதவையை... கௌரவம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"யோவ்!" என்றேன். சுபேதார் குரல் தானாக வந்துவிட்டது. "பட்டாளத்தானுக்கு வாக்கப்பட்டு, ஒத்தையா புள்ளைய வளத்து, மாமியாளைப் பாத்துக்கினு, தெருவப் பாத்துக்கினு நின்னவ அவ. அவளைக் கட்டிக்கிறதுதான்யா மேஜருக்குக் கௌரவம். அதை எடுத்தீன்னா அட்டையில என் பேரு கெடையாது. ராணுவ நிபுணருக்கு வேற ஆளைத் தேடிக்கோ."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி சார், அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்," என்றார். "ஆனா மேஜர் தாடியை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. அட்டைப்படம் வரைஞ்சாச்சு."

தாடியை விட்டுக்கொடுத்தேன். சல்யூட்டுக்குத் தொப்பி வாங்கிவிட்டேன். வத்தக்குழம்பைப் பற்றிப் பூங்கோதை பேசவே விடவில்லை.

ஜூன் 18

பழைய நிறை குறைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். இதுதான் அச்சுக்குப் போகிறது:

"இந்த நாவலில் மேஜர் செய்வது எதையும் நம்பாதீர்கள். அவர் சட்டை போடாமல் நிற்கும் இடத்தில் நானாக இருந்தால் இரண்டு கம்பளி போட்டிருப்பேன். காதல் வசனங்கள் நீளம், ஒரு வசனத்துக்குள் ஒரு கம்பெனிப் பட்டாளத்துக்கே சாப்பாடு போட்டுவிடலாம். ஆனால் முட்டை காண்ட்ராக்டர் விஷயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சொல் குறைக்கவோ கூட்டவோ எனக்கு யோக்கியதை இல்லை. பட்டாளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மலை மேல் நடந்தது. கீழே என்ன நடந்தது என்று இந்தப் புத்தகத்தில்தான் படித்தேன். சுபேதார் (ஓய்வு) தணிகாசலம்."

பூங்கோதை படித்துவிட்டு, "வசனம் நீளம்னு போட்டது ஓவர்," என்றாள். ராத்திரி கறிக்குழம்பு.

ஜூலை 11

புத்தகம் வந்தது. அட்டையில் தாடி மேஜர், பின்னால் பனிமலை, நடுவில் பட்டுப்புடவை. கீழே பொடி எழுத்தில் என் பெயர். எத்திராஜுக்கு ஒன்று கொடுத்தேன். இந்தத் தடவை காபியும் கொடுத்தேன்.

பூங்கோதை ஒரு பிரதியைத் தனியாக எடுத்துவைத்தாள். அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13

தாராபடவேட்டுக்குப் போனோம். ஆட்டோவில் அவள் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அலமேலுவின் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வீட்டில் அவள் மட்டும்தான். எங்களைப் பார்த்ததும் வாசல் வரை ஓடி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி வந்தது. பூங்கோதை காபியைத் தொடவில்லை. புத்தகத்தை நீட்டினாள், அதைக் கையை விட்டு விடாமலே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஜீப், அடுப்பு, நம்பர், சிரித்தது, கையை நீட்டியது. மூச்சுவிடாமல் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலமேலு முழுக்கக் கேட்டாள்.

"தெரியும்க்கா," என்றாள். "நான் மச்சு மேல கேவுரு காய வச்சிக்கினு இருந்தேன். உங்க தெரு மேலேர்ந்து நல்லா தெரியும். ஜீப்பு உங்க வூட்டாண்ட நின்னுச்சு. உங்க மாமியா கத்தினது கேட்டுது. அப்பாடா, நம்ம வூட்டுக்கு இல்லன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்க்கா. உங்க வூட்டுக்குன்னு தெரிஞ்சிதான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இன்னும் எறக்கல, நீங்க என் வூட்டைப் பாத்து கையை நீட்டறீங்க."

பூங்கோதையின் வாய் திறந்தபடி இருந்தது.

"நான் கும்பிட்டதை நீங்க கீழேர்ந்து பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துலதான் எங்கிட்ட பேசறதில்லன்னு நெனச்சேன். கேண்டீன்ல அண்ணனைப் பாக்கறப்பல்லாம் கேப்பேன், அக்கா வரலியா, அக்கா வரலியான்னு. மன்னிப்பு கேக்கணும்னு."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை அழுதார்கள். நான் என்ன செய்வது? ஆறிப்போன இரண்டு காபியையும் எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் சூடு பண்ணினேன். சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் எல்லா டப்பாவையும் திறந்தேன்.

திரும்பி வந்தபோது அலமேலு மூக்கைத் துடைத்துக்கொண்டு அட்டையில் இருந்த மேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதை நல்லபடியா முடியுதாக்கா?"

பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்.

"முடியுதும்மா. கல்யாணத்துல முடியுது."

"அப்ப படிக்கறேண்ணா," என்றாள்.